மூடி மெஷின் கக்கிய கட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம். பட்டறையில் பிளாஸ்டிக் மூடி வார்க்கிற மெஷின் மட்டும் கொஞ்சம் நலமில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தோடு பெட்டிக்குள் ஒரு பழைய துண்டில் சுற்றிய பொருள் இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஏதோ மாடு பாதி மென்று துப்பியது போல இருக்கும். கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதே. நீ கேட்ட புட்டிதான் அது. அதாவது, புட்டிக்குள் இருந்தது இப்போது அதற்குள் இருக்கிறது.

அன்றைக்கு நீ போனில், "அப்பா, என் அலமாரியில மேல் தட்டுல சின்னக் கண்ணாடிப் புட்டி ஒண்ணு, உள்ள வெளிர் மஞ்சளா கடுகு கடுகா மணி இருக்கும், பத்திரமா இருக்கா?" என்று கேட்டாய். "பத்திரமா இருக்கும்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. புட்டி பத்திரமாகத்தான் இருந்தது. அதில் உன் அம்மா ஊசிகளைப் போட்டு வைத்திருந்தாள். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், காபி ஆறி ஆடை கட்டும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத்து.

நீ சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் திருப்பிச் சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்து. அந்த மணிகள் ஒரு வாயுவை இன்னொன்றாக மாற்றுகிற வினையூக்கி, நீ இங்கே கல்லூரியில் இருந்தபோது செய்தவை. அதில் ஒரு பங்கைத்தான் ஆராய்ச்சிக்கு அங்கே கொண்டு போனாய். அது மட்டும்தான் உன் பேச்சைக் கேட்டது. அங்கே போய் நீ புதிதாகச் செய்ததெல்லாம் கொஞ்ச நேரம் உழைத்துவிட்டுக் கரி பிடித்துப் போகிறது. காற்றை ஊதிக் கரியை எரித்தால் முதல் தடவை எழுந்து உட்காருகிறது, அடுத்த தடவை நொண்டுகிறது, அதற்கப்புறம் படுத்தே விடுகிறது. பழைய சரக்கோ எத்தனை தடவை எரித்தாலும் புது மாப்பிள்ளை மாதிரி எழுந்து வந்தது. அதுவும் தீர்ந்து போச்சு. உங்கள் பேராசிரியர், அது ஏன் அப்படி உழைத்தது என்று கண்டுபிடி, இல்லாவிட்டால் இந்தத் தலைப்பை மூட்டை கட்டிவிட்டு ஊருக்குப் போ என்று சொல்லிவிட்டார். உலகத்தில் மிச்சம் இருப்பது நம் வீட்டு அலமாரிப் புட்டி மட்டும்.

நீ இதைச் சொல்லும்போது உன் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்போ வந்துடுவாளா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவள் முகம் நடுவழியில் நின்றது. நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன். என் முகத்தை அவள் கவனித்தாளோ என்னவோ.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் நீ போன் செய்வதற்கு முந்தின வாரம். காரணம் என் தற்பெருமை, வேறொன்றுமில்லை.

எங்கள் பட்டறையில் மெஷின்கள் தின்பது முழுக்கப் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் குருணை. அந்தக் குருணைக்குத் தாய் புரொப்பிலீன் வாயு, அதற்குத் தாய் அடுப்பு சிலிண்டரில் இருக்கிற புரொப்பேன், நடுவில் நின்று ஹைட்ரஜனைக் கழற்றி விடுவது என் மகள் செய்கிற வினையூக்கி மணி. இந்த வம்சாவளியை நான் சாப்பாட்டு வேளையில் ஒப்பிக்காத நாளில்லை. ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து மெஷின்காரர், நாங்கள் 'அவசரம்' என்று கூப்பிடுகிறவர், "வினையூக்கின்னா என்னண்ணே?" என்று கேட்டார். "நடுவுல நின்னு காரியத்தை முடிச்சுக் கொடுக்கும். தான் மட்டும் அப்படியே இருக்கும்" என்றேன். "கல்யாணத் தரகர் மாதிரியா?" என்றார். "தரகர் சேர்த்து வைப்பாருப்பா, இது பிரிச்சு விடுது" என்றேன். "அப்போ விவாகரத்து வக்கீல்னு சொல்லுங்க! பொண்ணு வக்கீலுக்கா படிக்குது?" என்று அவர் கேட்டதும் சாப்பாட்டு அறையே சிரித்தது. சோற்றில் புரையேறி ஒருவர் முதுகைத் தட்டவேண்டி வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் வக்கீலப்பா.

மானம் போனவனுக்கு அறிவும் கூடவே போய்விடும். மறுநாள் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மணிகளை ஒரு மூடியில் கொட்டி, எல்லாருக்கும் காட்டினேன். "உள்ள இருக்கிற வெள்ளை வெறும் தாங்கி. அது மேல ஒரு முடி கனத்துக்குக் கூட இல்ல, ஒரு அணு கனத்துக்கு உலோக ஆக்சைடைப் பூசியிருக்கா" என்று நீ சொன்னதை நான் சொன்னது போலவே சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யாரை நம்ப வைக்கப் போனேனோ அந்த அவசரம் மட்டும் அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போயிருந்தார். சரி, வரட்டும் என்று மூடியை மெஷின் ஓரத்தில் வைத்துவிட்டு நான் கை கழுவப் போனேன்.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. தரையிலோ மேசையிலோ எங்கே குருணை கிடந்தாலும், பார்த்தவர் அதை வாரி மெஷின் தலையில் இருக்கும் புனலில் போட்டுவிட வேண்டும். தட்டில் கிடந்தாலும் சோறு, தரையில் கிடந்தாலும் சோறு என்பார் முதலாளி. அந்தச் சட்டத்துக்கு உயிரையே கொடுப்பவர் அவசரம். நான் ஈரக் கையோடு திரும்பி வந்தபோது மூடி காலி. அவர் புனலுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். "சிந்திக் கிடந்துச்சுண்ணே, போட்டுட்டேன்" என்றார். "ஐயோ, அது என் பொண்ணோடதுய்யா!" என்று கத்தினேன். "யாரோடதா இருந்தா என்னண்ணே, மெஷின் பேரு கேட்டா தின்னுது?" என்றார்.

மெஷின் பேர் கேட்கவில்லை. ஆனால் பல்லை நறநறவென்று கடித்தது. பிளாஸ்டிக்கைத் தவிர வேறொன்றும் தின்றறியாத வயிறு, பாவம். சூப்பர்வைசர் ஓடி வந்து அச்சை விலக்கி, உள்ளே உருகி இருந்ததை எல்லாம் கக்க வைத்தார். கயிறு கயிறாக வெளியே வந்து, ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு, ஆறிக் கட்டியானது. அன்று நிறம் சேர்க்காத ஓட்டம் என்பதால் கட்டி பால் போல இருந்தது. உள்ளே உன் மணிகள் மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தன. சில நொறுங்கித்தான் விட்டன. மெஷின் பிழைத்துக்கொண்டது, ஆனால் உள்ளே குருணையைத் தள்ளுகிற திருகில் கீறல் விழுந்திருக்கிறது. "பொண்ணு படிச்சது போதாதுன்னு மெஷினையும் படிக்க வைக்கிறீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். இப்போது என்னை மூடிகளின் பிசிறு சீவும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். புனல் இருக்கும் திசையைப் பார்த்துத் தும்மக்கூட எனக்கு அனுமதி இல்லை.

அப்போது எனக்கு மெஷின் கவலைதான். மணிகளின் அருமை உன் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் பட்டறைக்கு ஓடினேன். வழக்கமாகக் கட்டிகளை அரைத்து மறுபடி மெஷினுக்கே போட்டுவிடுவோம். உன் மணி கடினம் என்பதால், அரைத்தால் பிளேடு போய்விடும் என்று இதை மட்டும் கழித்துக் கட்டியிருந்தார்கள். அந்தப் புண்ணியத்தில் அது பிழைத்தது. கழிவு மூலையில் தேடினால் காணோம். கடைசியில் பார்த்தால் வாசல் கேட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பார், தொங்கின கன்னம், இரட்டைத் தாடை, மூடின கண்ணு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் எங்கள் முதலாளியேதான். காலையில் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அதை லேசாகக் காலால் தட்டிவிட்டு வருவது பழக்கமாகிவிட்டது. வாட்ச்மேனிடம் கேட்டேன். தர மாட்டேன் என்றார். "கேட்டு இந்த மாதிரி ஒழுங்கா நின்னதே இல்லண்ணே" என்றார். ஒரு நல்ல செங்கல் கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேட்டு நிக்கும். ஆனா செங்கல்லால யாருக்கும் சந்தோஷம் இல்லையே" என்றார்.

நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது முதலாளியின் கார் வந்து நின்றது. இறங்கினார். எங்களைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார். "என்னது?" என்றார். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். "என் பொண்ணோட ஆராய்ச்சிங்க" என்றேன். முதலாளி குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் கை தானாகத் தன் கன்னத்தைத் தடவியது. பிறகு, "எடுத்துட்டுப் போய்யா. மூஞ்சியும் முகரையும், பார்க்கவே சகிக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முதலாளி உத்தரவு, அப்புறம் வாட்ச்மேன் என்ன செய்ய முடியும்? மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்தார்.

இனி இதிலிருந்து மணியை எப்படி எடுப்பது என்பது உன் பாடு. சுத்தியலால் அடித்தால் போதும் என்கிறாள் உன் அம்மா. சுடுதண்ணீரில் கொதிக்க வைக்கலாமா என்று நான் யோசித்தேன், இவ்வளவு நாள் பிளாஸ்டிக்கோடு பிழைத்தவன் யோசிக்கிற யோசனையா அது என்று நானே வெட்கப்பட்டேன். கரியை எரிக்கிற மாதிரி இதையும் அப்படியே அடுப்பில் வைத்து எரித்துவிட முடியாதா? சிரித்துவிட்டு, பிறகு நல்லதாக ஒன்றைச் செய்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ "பரவாயில்லப்பா" என்பாய். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அந்த வார்த்தையை எழுதவில்லை என்று வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

இப்படிக்கு,
உன் வக்கீலப்பா


அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ திட்டாதது எனக்குப் பெரிய ஏமாற்றம். திட்டுக்குத் தயாராக ஒரு நாள் முழுக்க முகத்தை வைத்திருந்தேன், வீணாகப் போச்சு.

அந்தப் பார்சலை அனுப்பப் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தபால் அலுவலகத்தில் இருந்த பெண், உள்ளே என்ன என்று கேட்டாள். "பிளாஸ்டிக் கட்டிம்மா" என்றேன். எதற்கு என்றாள். "என் பொண்ணு எரிக்கிறதுக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எரிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் அனுப்புறீங்க? இங்கேயே எரிச்சிடக் கூடாதா சார்?" என்றாள். நியாயமான கேள்விதான். 'பரிசுப் பொருள்' என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டாள்.

நல்லவேளை நீ என் பேச்சைக் கேட்டு அப்படியே அடுப்பில் வைக்கவில்லை. மொத்தமாகப் பற்றியிருந்தால் அந்தச் சூட்டில் மணிகளும் கெட்டிருக்கும் என்று எழுதியிருந்தாய். முதலில் சூடான கரைப்பானில் பிளாஸ்டிக்கைக் கரைத்து, பிறகு ஒட்டியிருந்த மிச்சத்தை மட்டும் காற்றில் மெல்ல மெல்ல எரித்தாயாம். மஞ்சள் மணிகள் வெளியே வந்தனவாம். வாயுவை விட்டால் பழையபடி உழைக்கிறதாம், கரி எரிக்க எரிக்க எழுந்து வருகிறதாம். இந்த இடத்தைப் பட்டறையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவசரம் எழுந்து நின்று கை தட்டினார். தான் போட்ட விதை முளைத்த மாதிரி அவருக்குப் பெருமை. தண்டனை எனக்கு, பெருமை அவருக்கு.

அதைவிட வேடிக்கை நீ அதற்கு அடுத்து எழுதியது. மணிக்குள்ளே கொஞ்சூண்டு உப்பு இருப்பதைக் கண்டுபிடித்தாயாமே. அந்தக் காலத்தில் உங்கள் கல்லூரியில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவி கெட்டுக் கிடந்ததால், தாங்கியைக் குழாய்த் தண்ணீரில் கழுவினது உனக்கு இப்போதுதான் நினைவு வந்ததாம். அங்கே போனதும் பரிசுத்தமான தண்ணீரில் கழுவினாய், அதனால்தான் ஒன்றும் ஒழுங்காக உழைக்கவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த உப்புத்தான் மணி மேல் கரி அண்டாமல் பார்த்துக்கொண்டதாம். சுத்தம் ரொம்பக் கூடினாலும் காரியம் கெடும் என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் வீடு பெருக்கிக்கொண்டிருந்தாள். சொன்ன நேரம் சரியில்லை.

ஆனால் உங்கள் பேராசிரியர் லேசுப்பட்டவர் இல்லை. உப்பு குழாய்த் தண்ணீரிலிருந்து வந்ததா, உங்கப்பாவின் பிளாஸ்டிக்கிலிருந்து வந்ததா என்று கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. எங்கள் சூப்பர்வைசரும் அதையேதான் கேட்டிருப்பார். அதனால் அதே மூட்டைக் குருணையில், அதே மெஷினில், மணி போடாத வெறும் கட்டி ஒன்று வேண்டும், கை படாமல், ஈரம் படாமல் அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். அதில் உப்பு இல்லையென்றால் கண்டுபிடிப்பு உன்னுடையது, இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை. உப்பு இருந்தால் தலைப்பை மூடிவிட்டு வரவேண்டியதுதான் என்றும் எழுதியிருக்கிறாய். சின்னதாகத்தான் எழுதியிருக்கிறாய். உன் அம்மா கண்ணாடி போடாமலே படித்துவிட்டாள்.

இதோ, கட்டியைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எனக்குப் புனல் பக்கம் அனுமதி இல்லாததால் சூப்பர்வைசரே முன்னின்று செய்தார். அந்த மூட்டையில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது, நம் அதிர்ஷ்டம். அவசரம் புனலைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தார். "தண்ணி வேணாம்யா!" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தியதில் துணியைக் கீழே போட்டுவிட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டே நடமாடினார். அந்த மனிதர் மெதுவாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதலாளியும் வந்து எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை கட்டி யாரையும் போல இல்லை. அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தேன். உன் அம்மா எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏங்க, ஒரு கை குழாய்த் தண்ணியை இது மேல தெளிச்சா என்ன ஆகும்?" என்றாள். "உப்பு ஏறும்" என்றேன். "ஏறினா?" "பிளாஸ்டிக்லதான் உப்பு இருந்துச்சுன்னு ஆயிடும்." "அப்புறம்?" "அப்புறம் என்ன, வந்துடுவா."

ரெண்டு பேரும் குழாயைப் பார்த்தோம். அது நான் சரி பண்ணுகிறேன் சரி பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற குழாய். சொட்டிக்கொண்டிருந்தது. பாப்பா, உன்னிடம் மறைப்பானேன், அதிக நேரம்தான் பார்த்தோம்.

பிறகு அவள்தான் எழுந்தாள். "கையை நல்லா துடைச்சிட்டு வாங்க. ஈரக்கையோட கிட்ட வராதீங்க" என்று என்னை அதட்டிவிட்டு, நீ சொன்ன உறைக்குள் கட்டியைத் தள்ளி, வாயை ஒட்டி, அதன் மேல் இன்னொரு உறை போட்டு ஒட்டினாள். ஒட்டும்போது கண்ணைத் துடைத்தாள். அதுவும் உப்புத் தண்ணீர்தானே என்று நான் அவசரமாகப் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "கல் நெஞ்சுக்காரர்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் தள்ளியே நில்லுங்க" என்றாள்.

தையல் மெஷினை உன் அறை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்கச் சொன்னாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். இப்போதே பதில் வேண்டாம், முடிவு தெரிந்த பிறகு எழுது.

கட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்கு நாங்கள் இரண்டு பேரும் பொறுப்பு. தைரியமாகச் சோதித்துப் பார். நல்ல முடிவாக வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். எது நல்ல முடிவு என்று மட்டும் எங்களைக் கேட்காதே கண்ணு.

உன் அப்பா
(பக்கத்தில் நின்று, இதைச் சரியாக எழுதினேனா என்று பார்த்தது உன் அம்மா)